ரப்பர்வளையம் தைத்த கோட்டு

புருஷன் குளித்துவிட்டு வருகிறான் என்பதற்காகச் சந்தேகப்பட்ட பெண்டாட்டி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அழுக்கோடு வருகிறான், குடித்துவிட்டு வருகிறான் என்று மூக்கைச் சிந்துகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவளுக்கு வாய்த்த குறையே வேறு. ஈரத் தலையும் சோப்பு வாசனையுமாக அவன் மாலை ஆறேகால் மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறான். நுழைந்து, "காப்பி இருக்கா?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்கிறான். உடம்பு பற்றி எரியுமா எரியாதா?

ஆறு வருஷமாக அந்த மனிதன் ஐந்தரைக்கு வருவான், மருந்து வாடையோடு வருவான், வீட்டுக் குளியலறையில் குளிப்பான். பூப்பண்ணையில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை அவனுக்கு. இரண்டு மாதமாகத்தான் இந்தப் புதுப் பழக்கம். அதோடு விட்டானா? தன் உடுப்பைத் தானே துவைக்கிறான். மகளைத் தொடுவதற்கு முன் இன்னொரு தடவை கை கழுவுகிறான். பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான், முதுகு வலியாம். முதுகு வலிக்கிறவன் வெறுந்தரையில் படுப்பானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

அவளிடமும் ஒன்று இருந்தது. வயிற்றில் பத்து வாரம். மனதுக்குள் எண்ணி வைத்திருந்தாளே தவிர, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. 'இவன் எதை மறைக்கிறான் என்று முதலில் தெரியட்டும். கூடத்தில் போய்ப் படுக்கிறவனிடம் வலியப் போய் இன்னொரு பிள்ளை வருகிறது என்று சொல்ல என்னால் ஆகாது' என்று பிடிவாதமாக இருந்தாள். ரோஷக்காரி. அந்த ரோஷம்தான் பிறகு அவளைப் போட்டுப் பார்த்தது.

எல்லாம் ஆரம்பித்தது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்குத்தான். மகளுக்கு நாலரை வயது. பாப்பா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் ரப்பர் வளையங்களை நிறம் நிறமாகப் பிரித்துத் தரையில் வரிசை கட்டுவாள். ஒன்று விலகினால் வீடே இரண்டாகும். அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் மழை வருவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தச் சொல்லி அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற கெட்டிக்காரி. குழந்தை டாக்டர் இரண்டு மணி நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினாள். பிறகு ஆட்டிசம் என்றாள். பயிற்சி கொடுக்கலாம், நன்றாக முன்னேறுவாள் என்றாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சொந்தத்தில் யாருக்காவது இப்படி உண்டா, பிரசவம் எப்படி ஆயிற்று, கர்ப்பத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்.

"பூப்பண்ணையில வேலைன்னு போட்டிருக்கீங்களே. வயித்துல இருந்தப்ப மருந்தடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருந்தீங்களா?"

"அய்யய்யோ, இல்லங்க டாக்டர்!" என்றாள் இவள், பெருமையாகவே. "நான் குளிர் அறையில. ரோஜா வளர்க்கிற, மருந்தடிக்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்கும் அதுக்கும் நடுவுல எட்டு கூடாரம் இருக்கு. வாடைகூட வராது. அந்த விஷயத்துல இவரு ரொம்ப உஷாரு. என்னைக் கூடாரத்துப் பக்கமே விடலை."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள் இவள். ஆமாம் என்று தலையாட்டுவான் என்று நினைத்தாள். அவன் மேஜைக்கு அடியில் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "நமக்கு ஒண்ணு போதும்" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சோப்பு வாசனை.

சரி, குளிக்கட்டும். கோட்டு எங்கே?

அந்தக் கோட்டின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குளிர் அறையில் ரோஜாவைத் தரம் பிரிக்கிற வேலை இவளுக்கு. காலையில் வெட்டிய பூ பத்து மணிக்குமேல் வாளி வாளியாக உள்ளே வரும். கோடு போட்ட பலகையில் வைத்துக் காம்பின் நீளம் பார்த்து, இருபது இருபதாக அடுக்கி, ரப்பர் வளையம் மாட்டி, அட்டை சுற்றி வைக்க வேண்டும். பூவுக்கு நாலு டிகிரி குளிர் வேண்டும். பூவுக்கு வேண்டியது மனுஷிக்கு ஆகுமா? கம்பெனி கொடுத்த ஸ்வெட்டர் சல்லடை. மருந்தடிக்கிறவர்களுக்கு மட்டும் நல்ல கோட்டு கொடுத்திருந்தார்கள், மேலே தண்ணீர் ஒட்டாத துணி, உள்ளே கனத்த பஞ்சு. அவர்கள் விடியற்காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். அதற்குப்பிறகு கோட்டு சும்மா ஆணியில்தானே தொங்குகிறது?

மகள் வயிற்றில் இருந்தபோது அவன்தான் அதைக் கொண்டுவந்து இவள் தோளில் போட்டான். "போட்டுக்க. குளிர் உள்ளே போச்சுன்னா குழந்தைக்கு ஆகாது. மேல தண்ணி அடிச்சு அலசிட்டேன்" என்றான். இரண்டு மடிப்பு மடித்தாலும் கைக்கு நீளம். மடிப்புக்குள் சில நாள் வெள்ளையாகத் தூள் இருக்கும், சுண்ணாம்பு என்று நினைத்துத் தட்டிவிடுவாள். ஏழாம் மாதம் பொத்தான் எட்டவில்லை. பூக்கட்டுக்குப் போடும் ரப்பர் வளையத்தில் நாலைப் பொத்தான் துளையில் தைத்து நீட்டிக்கொண்டாள். குளிர் அறையே அதைப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. புருஷன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பதில் ஒரு கர்வம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் அந்தக் கோட்டை அவள் விடவில்லை. விடாததற்குக் காரணம் மகள். யார் கட்டிப்பிடித்தாலும் மீன்போல் நழுவிவிடுகிறவள், கோட்டோடு அம்மா வந்து நின்றால் மட்டும் ஓடிவந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம். அந்தத் துணியின் கனமா, மொரமொரப்பா, வாடையா, எது பிடித்தது என்று தெரியாது. அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் இவள் மாலை நாலு மணிக்கு வேர்க்க வேர்க்கக் கோட்டோடு வீட்டுக்கு நடந்து வருவாள். விடியற்காலையில் அவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் அந்தக் கோட்டைக் காணோம். கேட்டதற்கு, "தொலைஞ்சுபோச்சு" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

கத்தரி அக்காவிடம்தான் இதை முதலில் சொன்னாள். அக்கா கூடாரத்தில் ரோஜா வெட்டுகிறவள். கையில் இருக்கும் கத்தரியைவிட வாய் கூர்மை என்பதால் அந்தப் பட்டம்.

"என்னடி, மூஞ்சி உர்ருன்னு இருக்கு?"

"அவரு தெனமும் குளிச்சிட்டு வர்றாருக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசைக்காரி எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளைக் குளிக்கவைக்க நான் பதினஞ்சு வருஷமா மல்லுக்கு நிக்கிறேன். உன் ஆளை ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்பு, சொல்லிக்கொடுக்கட்டும்."

"கோட்டு வேற தொலைஞ்சுபோச்சாம்."

சிரிப்பு நின்றது. "எந்தக் கோட்டு? உனக்குக் குடுப்பாரே, அதுவா? அவ்வளவு பெரிய கோட்டு எப்படிடி தொலையும்? அது என்ன மூக்குத்தியா?" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை ஒருத்தி தோள்ல போட்டுவிட்டுப் பழகின கை" என்று இழுத்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள் மகராசி. இவளுக்கு அது போதாதா? அன்றைக்குப் பூராவும் இருபதுக்குப் பதில் பத்தொன்பது, இருபத்தொன்று என்று கட்டிக் கட்டி மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குளிர் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வயிற்றில் ஒன்று இருக்கிறது, குளிர் உள்ளே போகக்கூடாது. இன்னொரு மருந்தடிப்பவன் நெட்டையன் நல்ல பிள்ளை. அவனிடம் இரண்டு கோட்டு. ஒருநாள் ஒன்றைப் போடுவான், மறுநாள் மற்றதை. பத்து மணிக்கு அவன் கழற்றி ஆணியில் மாட்டியதும் இவள் எடுத்துக்கொள்வாள், மறுநாள் அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு அன்றைக்குக் கழற்றியதை எடுத்துக்கொள்வாள். மகளும் கோட்டு மாறியதைக் கண்டுகொள்ளவில்லை, முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புருஷன் வருவதற்குள் கோட்டை மடித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவாள். அவன் அந்தக் கதவைச் சாத்தினதே கிடையாது. இன்னொருத்தன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தால் அவன் செய்கிற தப்புக்கு அது ஈடாகிவிடும் என்று ஒரு கணக்கு. நம் ஊர்க் கோர்ட்டுகூட இவ்வளவு யோசிக்காது.

பண்ணை ஸ்டோர்க்காரரிடம் ரப்பர் வளையம் வாங்கப் போனபோது மெதுவாக வாயைக் கிளறினாள்.

"கோட்டா? தொலைஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டாரேம்மா. புதுசை வீட்டுக்கே எடுத்துட்டுப் போறதில்ல. இங்கயே பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுதான் போறாரு" என்றார் அவர். "குளியலும் இங்கதான். அந்தத் தண்ணியில மாடுகூடக் குளிக்காது. நாங்க எல்லாம் வேடிக்கை பார்ப்போம்."

குளியல் நிஜம்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் விடவில்லை. "ஆமா, பாப்பா எப்படியிருக்கு? வியாழக்கிழமையானா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு மூணு மணிக்கே பர்மிஷன் போட்டுட்டு ஓடிடறாரே."

பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள் இவள். போவது திங்கட்கிழமை. பேச்சுப் பயிற்சி டீச்சரிடம். வியாழக்கிழமை எந்தப் பாப்பாவை இவன் எங்கே கூட்டிப் போகிறான்?

"நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியில் வாளி வைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதாள். பேச்சுப் பயிற்சி டீச்சருக்கு இருபத்தைந்து வயது, கன்னத்தில் குழி விழும். முதல் நாள் அவள் ஏதோ சொன்னதற்கு இவன் பல்லைக் காட்டினது ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கோட்டு டீச்சருக்கு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றுகூட மனம் அளந்து பார்த்துவிட்டது. குளிர் அறையில் இல்லாதவளுக்குக் கோட்டு எதற்கு என்று அறிவு கேட்டது. அறிவு கேட்பதை எந்தப் பொறாமை காதில் வாங்கியிருக்கிறது?

அடுத்த வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். நெட்டையன் கோட்டோடு மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்தாள். மகள் பக்கத்து வீட்டில் நாத்தனாரிடம் இருந்தாள். நாத்தனார் தையல்காரி. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் பாப்பா சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள். ஆகவே இவளுக்கு வீடு முழுவதும் தன் கையில். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கடிதம், போட்டோ, ஒரு கம்மல், ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும் என்று அலமாரியைக் கலைத்தாள். அவன் பெட்டி, ஷூ, தலையணை உறை எல்லாவற்றையும் உதறினாள். ஒன்றுமில்லை. பத்து வார வயிற்றோடு ஸ்டூலின்மேல் ஏறி, குளியலறைக்கு மேலிருந்த பரணில் கையை விட்டாள். பழைய ஃபேனுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை. வாயை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

கீழே தள்ளி, முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை. அதற்குள் கோட்டு. பொத்தான் துளைகளில் நாலு ரப்பர் வளையங்கள், விறைத்துப் போய், அவள் தைத்த அதே பச்சை நூலோடு.

அந்த நிமிஷம் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எவளுக்கும் கொடுக்கவில்லை! பைத்தியக்கார மனுஷன், ஞாபகார்த்தமாக எடுத்து வைத்திருக்கிறான்! தரையில் உட்கார்ந்து கோட்டை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஞாபகார்த்தமாக வைப்பதை யாராவது இரண்டு பைக்குள் போட்டு மூன்று முடிச்சுப் போடுவார்களா?

சாக்குக்குள் ஓரமாக ஒரு காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரியின் சீட்டு. டாக்டரின் கையெழுத்து.

'உங்கள் கணவர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன். அவர் சொன்ன கோட்டு விஷயம் நீங்கள் படிவத்தில் சொல்லாதது. துணி வழியாகவும் மருந்து உடம்பில் சேரும். கர்ப்பகாலத்தில் பூச்சிமருந்து பட்டவர்களின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வும் ஒரேமாதிரி சொல்லவில்லை, பரம்பரை உட்பட வேறு காரணங்களும் உண்டு. உங்கள் மகளுக்கு அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லவே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. இனி இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால், மருந்தடித்தவர்களின் உடுப்பு எதையும் தொடவேண்டாம்.'

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கவில்லை. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவை இழுத்தாள்.

நெட்டையனின் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை மடிப்பில் வெள்ளையாகத் தூள்.

மாலை ஆறேகாலுக்கு அவன் உள்ளே வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் ஒரு மூலையில் ரப்பர் வளையங்களை வரிசை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா நாத்தனார் வீட்டிலிருந்து அவளைக் கோட்டில்லாமல் கூட்டி வந்ததால் ஒரு மணி நேரம் தலையால் சுவரை முட்டி, இப்போதுதான் ஓய்ந்திருந்தாள்.

அவன் வாசலிலேயே நின்றான். ஈரத் தலையைப் பார்த்தான். இரண்டு மாதமாக இவள் கண்ணில் இருந்த சந்தேகம் இப்போது அவன் கண்ணிலும் வந்தது.

"இந்த நேரத்துல எதுக்குக் குளிச்சே?"

"நீங்க எதுக்குக் குளிக்கிறீங்களோ, அதுக்குத்தான்."

கையிலிருந்த சீட்டைத் தரையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"மூணு வியாழக்கிழமை போய் டோக்கன் வாங்கிட்டு, கூப்பிடறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன். நாலாவது வாரம்தான் உள்ளே போய்ச் சொன்னேன். உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராதுன்னு எழுதி வாங்கினேன். அதைக் குடுக்கவும் கை வரலை. இன்னிக்கும் டாக்டர்கிட்ட திட்டு வாங்கிட்டுதான் வர்றேன், இன்னும் சொல்லலையான்னு" என்றான். "போட்டுக்கன்னு குடுத்தது நான்தானே? அலசிட்டேன்னு சொன்னது நான்தானே? நீ டாக்டர்கிட்ட என்னை உஷாருன்னு சொன்னே பாரு..."

அவளுக்கு அவன்மேல் கோபம் அவ்வளவு இருந்தது, இரக்கமும் அவ்வளவு இருந்தது, இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. "வாசலுக்கு வெளியே பாருங்க" என்றாள்.

வெளியே சுவரோரமாக இரண்டு சாக்கு மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வரும்போது அவன் கவனிக்கவில்லை.

"ரெண்டு இருக்கே?" என்றான். "நம்மளுது ஒண்ணுதானே?"

"இன்னொண்ணு நெட்டையனோடது. ரெண்டு மாசமா நான் போட்டுட்டிருந்தது. உங்க கோட்டு தொலைஞ்ச அன்னியிலிருந்து."

"சரி விடு, இனிமே போடாதே. நல்ல வேளை, இப்ப உனக்கு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"பத்து வாரம்" என்றாள் அவள்.

அவன் ஏன் சொல்லலை என்று கேட்கவில்லை. கேட்க யோக்கியதை இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளும் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. யார் முதலில் வாயைத் திறந்திருந்தாலும் இந்த இரண்டாவது சாக்கு இருந்திருக்காது, அது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. மூலையிலிருந்த மகள் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. வாடை எப்படித்தான் அவளுக்கு எட்டியதோ, வெளியே போய் ஒரு சாக்கின்மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடி, அவ்வளவு நிம்மதியாக.

அம்மாதான் முதலில் பார்த்தாள். ஓடிப்போய் மகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மகள் அலறினாள், உதைத்தாள், தோளில் கடித்தாள். அவள் விடவில்லை. குழாயடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் முகத்தையும் கையையும் கழுவிவிட்டு, ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோட்டில்லாமல் மகளை இவ்வளவு நேரம் அவள் கட்டிப்பிடித்திருந்தது இதுதான் முதல் தடவை. மகள் அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போவோம்" என்றாள், அந்த அலறலுக்கு மேல் கத்தி. "நெட்டையனையும் கூட்டிக்கங்க. அவன் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்."